மைனஸை மறைத்த இரண்டு வரி

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "எண்ணுகிறாள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். பேங்கிலா என்பார்கள். இல்லை என்பேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பா என்பார்கள். அதுவும் இல்லை. அதற்குமேல் விளக்கப் போனால் கேட்டவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் நீங்கள் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து படிக்கிறீர்கள், எழுந்து ஓட மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அலமாரி அளவுக்குப் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றிருபத்தெட்டு பிராசஸர்கள். பிராசஸர் என்றால் வேலை செய்கிற மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை மூளைகளையும் கட்டி மேய்க்கிற அடிப்படை புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் ஓயாமல் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்: எத்தனை ஃபைல் திறந்திருக்கிறது, மெமரியில் எவ்வளவு இடம் காலி, மெமரியில் வைத்த இந்தப் பொருளை இப்போது எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் இதற்கெல்லாம் ஒரே ஒரு பொதுப் பலகை வைத்திருந்தார்களாம். ஒன்று கூட்டவோ குறைக்கவோ நூற்றிருபத்தெட்டு பேரும் அந்தப் பலகை முன்னால் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? எண்ணுவதற்கே பொழுது சரியாகப் போகும், வேலை நடக்காது.

அக்கா செய்தது ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தது. சிலேட்டு என்பது என் வார்த்தை, அவள் வேறு ஏதோ சொல்வாள். அவரவர் சிலேட்டில் அவரவர் எண்ணிக்கொள்ளலாம், யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். சிலேட்டில் முப்பத்திரண்டு சேர்ந்ததும் அதைப் பலகையில் சேர்த்துவிட்டுத் துடைத்துவிட வேண்டும். பலகையைப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியான எண் கிடைக்கும். அச்சு அசலான எண் வேண்டுமென்றால் பலகையோடு நூற்றிருபத்தெட்டு சிலேட்டையும் பார்த்துக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான். இதற்கா இருபத்திரண்டு வருஷம் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கேட்டைத் திறந்து மூட உனக்கு இருபது வருஷமா?" என்று திருப்பிக் கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு ஆறு வயது மூத்தவள். மூன்றாவது மாடி வீட்டில் அவளும் அத்தானும், அதற்கு மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறையில் நான். எனக்கும் கல்யாணம் நடந்தது, எட்டு மாதம் நின்றது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அத்தான் பல் செட் செய்கிறவர். தெருவில் யாராவது சிரித்துவிட்டுப் போனால், "நம்ம வேலைதான்" என்று என் காதில் சொல்வார்.

அக்காவின் ஆபீஸ் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. "முட்டை எத்தனை இருக்கு?" என்று அத்தான் கேட்டால் "இருக்கு" என்பாள்.

"எத்தனைனு கேட்டேன்."

"போதுமான அளவு இருக்குங்க."

வாயைப் பிடுங்கினாலும் எண் வராது. ஆனால் தீரப்போகிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டினால் போதும், ஃபிரிட்ஜைத் திறந்து அடித்தட்டு வரை கைவிட்டு எண்ணி, "அஞ்சு. அதுல ஒண்ணு விரிசல்" என்று அறிவிப்பாள். விளிம்பு தூரத்தில் இருக்கும்போது குத்துமதிப்பு போதும், கிட்டே வந்தால்தான் துல்லியம் வேண்டும், எந்நேரமும் துல்லியம் பார்க்கிறவனால் ஒரு வேலையும் நடக்காது என்பது அவள் கட்சி.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய பூங்காவில். நான்கு வாசல். வடக்கு வாசலுக்கு எதிரே ரயில் நிலையம். தெற்கு வாசல் என்னுடையது, அதற்கு வெளியே பேருந்து நிறுத்தம். ஜனங்கள் வடக்கே நுழைவார்கள், பூவையும் மரத்தையும் பார்ப்பார்கள், கால் வலி எடுத்ததும் தெற்கே வெளியேறி பஸ் பிடிப்பார்கள். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் கருவி உண்டு. ஒருவர் உள்ளே வந்தால் மேல் பொத்தானை அழுத்த வேண்டும், ஒன்று கூடும். வெளியே போனால் கீழ்ப் பொத்தான், ஒன்று குறையும். ஐந்து மணிக்கு நுழைவை நிறுத்திவிடுவோம். ஐந்தரைக்கு நான்கு வாசல் எண்ணையும் கூட்டுவோம். சைபர் வந்தால் உள்ளே யாரும் இல்லை, பூட்டலாம்.

என் கருவி தினமும் மைனஸில்தான் முடியும். சாதாரண நாளில் மைனஸ் இருநூறு, ஞாயிற்றுக்கிழமை மைனஸ் ஆயிரத்தைத் தொடும். வடக்கு வாசல்காரன் எனக்குக் 'கழித்தல்' என்றே பெயர் வைத்துவிட்டான்.

அக்காவுக்கு இதில் அலாதி சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு என் வாசல் வழியாக வந்து உள்ளே முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். கூடப் பிறந்தவள் என்று சும்மா விடமாட்டேன், ஒன்று என்று அழுத்தித்தான் விடுவேன். ஐந்தரைக்கு நான்கு எண்ணையும் அவளே கூட்டுவாள்.

"உன் நம்பரைத் தனியா பார்த்தா அது உளறல். மைனஸ் ஆளுனு உலகத்துல யாராவது உண்டா? நாலையும் சேர்த்தாதான்டா அதுக்கு அர்த்தம்" என்பாள்.

அவளுடைய சிலேட்டுகளிலும் இதே கதைதான். ஒரு வேலை ஒரு பிராசஸரில் தொடங்கும்போது ஒரு பொருளை எடுக்கும், நடுவில் இன்னொரு பிராசஸருக்கு இடம் மாறும், அங்கே அதைத் திருப்பி வைக்கும். முதல் சிலேட்டில் பிளஸ் ஒன்று, இரண்டாவதில் மைனஸ் ஒன்று. கூட்டினால் சைபர். பொருளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அகற்றிவிட்டு அந்த இடத்தை வேறு வேலைக்குத் தரலாம்.

பத்து வருஷத்துக்கு முன்பு ஒருநாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு மேலாளராக இருந்தவரைக் கோட்டுக்காரர் என்றுதான் சொல்வாள். வேகாத வெயிலிலும் மனிதர் கோட்டைக் கழற்ற மாட்டாராம்.

"என்னாச்சு?" என்றேன்.

"மெஷினைப் பார்க்க வந்தவங்க ரிப்போர்ட்டுல ஒரு பிராசஸருக்கு நேரே மைனஸ் மூணுனு பார்த்துட்டாங்களாம். எடுத்த பொருள் எப்படி மைனஸ் மூணு இருக்கும்னு சிரிச்சாங்களாம். கோட்டுக்காரருக்கு மானம் போயிடுச்சாம். இனிமே மைனஸே கண்ணுல படக்கூடாதாம்."

"சொல்லிப் புரிய வைக்க வேண்டியதுதானே?"

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கார். என்னத்தைப் புரிய வைக்கறது?"

மறுநாள் இரண்டு வரி எழுதிச் சேர்த்தாள். சிலேட்டில் இருப்பது சைபருக்குக் கீழே என்றால், சைபர் என்று சொல். மைனஸ் மறைந்தது, கோட்டுக்காரர் மனம் குளிர்ந்தது, அக்கா அதை மறந்தும் போனாள். கோட்டுக்காரர் படிப்படியாக ஏறி இப்போது அந்தக் கம்பெனிக்கே பெரியவர். கோட்டு மட்டும் மாறவில்லை என்று கேள்வி.

கொக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவோடு ஒரே அறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தவர் அவர். ஒல்லி, நல்ல உயரம், கழுத்து நீளம். யோசிக்கும்போது ஒரு காலைச் சுவரில் ஊன்றி ஒற்றைக் காலில் நிற்பார். அக்கா வைத்த பெயர்தான், அவருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருவார், அத்தான் அவருடைய முன்பல்லுக்குத் தொப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்கா எழுதியதை வெளியே அனுப்பும்முன் படித்துப் பார்ப்பவர் அவர், அவர் எழுதியதைப் படிப்பவள் அக்கா. அவர்கள் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினால் அதில் எனக்குப் புரிவது "டீ சொல்லட்டுமா" என்பது மட்டும்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஊரில் பேருந்து வரும் நேரத்தைக் காட்டும் பலகைகள் எல்லாவற்றையும் ஒரே பெரிய கம்ப்யூட்டர் நடத்துகிற மாதிரி மாற்றினார்கள். அக்கா கம்பெனியின் கெர்னல்தான் அதில். பொருள்களை அகற்றி இடத்தைக் காலி செய்கிற பகுதியைப் புதிதாக எழுதியவர் கொக்கு. பலகைகள் எட்டு நாள் ஒழுங்காக ஓடின. ஒன்பதாம் நாள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. மறுபடி போட்டார்கள், சரியாக இன்னொரு ஒன்பது நாள். அப்புறம் மூன்றாவது தடவை. மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி மூச்சடைத்துப் போகிறது என்றாள் அக்கா. நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் என் வாசலுக்கு வந்து, "பஸ் எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டார்கள். நான் என்ன ஜோசியனா?

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு முடிவு அறிவிப்பதாக ஏற்பாடு. ஒன்று, புதுப் பகுதியை எழுதிய கொக்கை வீட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது, காலியாக இருந்த துறைத் தலைவர் பதவிக்கு அக்காவின் பெயர். எட்டு வருஷத்தில் இரண்டு தடவை அவளைத் தாண்டி வேறு யாரையோ உட்கார வைத்த நாற்காலி அது. கொக்குக்கு வயது நாற்பத்தொன்பது, அந்த வயதில் இப்படியொரு பழியோடு வெளியே போனால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். அக்கா இதையெல்லாம் திங்கட்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். நான் கொக்குக்காக வருத்தப்பட்டேன், அக்காவுக்காகச் சந்தோஷப்பட்டேன், இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினேன். மறுநாள் வாசல்காரர்கள் மூன்று பேரிடமும், "எங்கக்கா துறைத் தலைவர் ஆகப்போறா" என்று தம்பட்டம் அடித்தும் ஆயிற்று.

வியாழக்கிழமை எங்கள் பூங்காவில் ஒரு கூத்து. புது மேற்பார்வையாளர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஐந்தரைக்கு என் கருவியை வாங்கிப் பார்த்தார்.

"மைனஸ் இருநூத்துப் பன்னெண்டா? என்னய்யா இது? ஆளு எப்படி மைனஸ்ல இருப்பான்?"

"வெளியே போறவங்க இந்தப் பக்கம் அதிகம் சார்."

"அதெல்லாம் தெரியாது. பார்க்கவே அசிங்கமா இருக்கு. சைபர்னு போடு."

"போட்டா கூட்டல் தப்பாயிடும் சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

எடுக்கவில்லை. சைபர் என்று போட்டேன். வடக்கில் நூற்றைம்பது, கிழக்கில் நாற்பது, மேற்கில் இருபத்திரண்டு, என்னுடையது சைபர். ஆக உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. விசில் ஊதிக்கொண்டு புதருக்குப் பின்னால், கண்ணாடி வீட்டுக்குள், கழிப்பறைக் கதவுகளைத் தட்டித் தட்டித் தேடினார். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் தேடுகிற மாதிரி நடந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், இருபது வருஷத்தில் அவ்வளவு ஆனந்தமான அரை மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

மூங்கில் புதர் பக்கம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. இல்லாத ஆளை இருப்பதாக நினைத்துக்கொண்டு பூட்டாமல் காத்திருக்கிறோம். கொக்கின் கம்ப்யூட்டரும் அதையே செய்தால்? கோட்டுக்காரருக்காக எழுதிய இரண்டு வரி! பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடையும் ஓட்டமுமாக வந்தேன்.

அக்கா சமையல்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் சாப்பாட்டு மேசையில் யாருடைய மேல்வரிசைப் பல்லையோ மெருகேற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த ரெண்டு வரிதான்க்கா! மைனஸை சைபர்னு சொல்லுது. கூட்டினா சைபரே வராது. யாரோ பிடிச்சிட்டிருக்காங்கனு நினைச்சு மெஷின் எதையும் விடமாட்டேங்குது. கொக்கு மேல தப்பே இல்ல!"

அக்கா கத்தியை நிறுத்தவில்லை. "ஆமா. அதுதான்."

"ஆமாவா?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானமே பார்த்துட்டேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மூளை வேலை செய்தது, அதுவும் இரண்டு நாள் தாமதம். அவள் நிதானமாக விவரம் சொன்னாள். நின்றுபோன மெஷினிலிருந்து ஒரு பொருளின் நூற்றிருபத்தெட்டு சிலேட்டையும் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலால் கையாலேயே கூட்டினாளாம். சைபர் வந்தது. கெர்னலின் கூட்டல் முப்பத்தேழு என்றது. இரண்டு வரியையும் அவள் ரிப்போர்ட் எழுதும் இடத்தில் வைக்காமல், சிலேட்டுகளைக் கூட்டித் தரும் பொது இடத்திலேயே வைத்திருந்தாள். 'இது பார்வைக்கு மட்டும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்புகூட எழுதவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டலை ரிப்போர்ட்டைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்துக் கொக்கு கேட்டார். ஆபீஸில் இருந்த சோதனைக் கம்ப்யூட்டருக்கு நாலே பிராசஸர், அதில் வேலைகள் இடம் மாறவில்லை, மைனஸும் வரவில்லை, எல்லாம் சரியாக ஓடியது.

"அவர் இதைத் திறந்து பார்க்கலையா?" என்றார் அத்தான்.

"தன் வரியை எல்லாம் தலைகீழா புரட்டிட்டார். என்னுதைத் திறக்கல. மேடம் எழுதினதுனா அதைச் சந்தேகப்பட வேண்டியதில்லனு திங்கக்கிழமை என்கிட்டயே சொன்னார்."

சொல்லிவிட்டு அடுத்த பீன்ஸை எடுத்தாள். எனக்கு அப்போதுதான் விரல் விட்டு எண்ணத் தோன்றியது.

"அக்கா, இன்னிக்கு வியாழக்கிழமை."

கத்தி நறுக்கிக்கொண்டே இருந்தது.

"செவ்வாய்க்கிழமை தெரிஞ்சிருக்கு. புதன்கிழமை அவரோட ஒரே ரூம்ல உட்கார்ந்திருந்தே. இன்னிக்கும் உட்கார்ந்திருந்தே. சொல்லலையா?"

"திங்கக்கிழமை சொல்லுவேன்."

"நாளைக்கு அவரை அனுப்பிடுவாங்க!"

"நான் தலைவர் ஆயிட்டா நானே அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்க முடியும். நாளைக்கு இதைச் சொன்னா எனக்கு நாற்காலியும் இல்ல, யாருக்கும் எந்த நன்மையும் இல்ல. யோசிச்சுதான் வெச்சிருக்கேன்."

அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் இருபது வருஷம் நின்றவனுக்கு ஒன்று தெரியும். வெளியே போனவர்கள் அதே வாசல் வழியாகத் திரும்பி வருவது அபூர்வம்.

"உன் சிலேட்டுல மைனஸ் வந்தா நீயும் சைபர்னுதான் எழுதுவியா?" என்றேன்.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. என்னைப் படிக்க வைக்க முயன்றவள் அவள், எட்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவனுக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டவள் அவள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அத்தான் பல் செட்டை மேசைமேல் வைத்தார்.

"நீ என்ன செஞ்சாலும் நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார் அவளிடம். "ஆனா அந்த மனுஷன் வாய்ல என் வேலை இருக்கு. அடுத்த தடவை வந்து வாயைத் திறந்தா அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்னு தெரியல."

அக்கா பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். நறுக்காமல் கிடந்ததை நான் நறுக்கினேன். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு வாசலில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரை எண்ணாமல் விட்டு, பிறகு ஓடிப்போய் முகம் பார்த்து எண்ணினேன். நாலு மணி வாக்கில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஒன்று என்று அழுத்தினேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"நாற்காலி?"

"இல்ல."

"கொக்கு?"

"இருக்கார். வேலை போகல."

கூட்டம் தொடங்கியதும் அவளே எழுந்து நின்று, பிழை தன்னுடையது என்று சொல்லி, பென்சிலால் கூட்டிய காகிதத்தைச் சுற்றுக்கு விட்டாளாம். கோட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படி மைனஸை மறைக்கிற வரியை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டாராம். கேட்டவர் அவர்!

"நீங்கதான்னு சொன்னியா?"

"எழுதினது நான்னு சொன்னேன்."

நானாக இருந்தால் அந்தக் கோட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் சொன்னது ரிப்போர்ட்டுக்கு மட்டும்தான், தப்பான இடத்தில் வைத்ததும் குறிப்பு எழுதாததும் தான்தான் என்றாள்.

"கொக்கு என்ன சொன்னார்?"

"எப்ப கண்டுபிடிச்சீங்கனு கேட்டார். செவ்வாய்க்கிழமைனு சொன்னேன். மத்தியானம் மேசையை வேற ரூமுக்கு மாத்திக்கிட்டார்."

இதைச் சொல்லும்போது அழுதாள். நாற்காலி போனதைச் சொல்லும்போது கண் கலங்கக்கூட இல்லை. பெரியவள் அழும்போது சின்னவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அதற்குள் நாலைந்து பேர் வெளியே போனார்கள், நான் அவர்களை எண்ணினேன்.

அந்த இரண்டு வரியை அன்றைக்கே எடுத்துவிட்டாள். பத்தாம் நாளும் பலகைகள் அணையாமல் ஓடின, பதினோராம் நாளும் ஓடின. துறைத் தலைவர் நாற்காலிக்கு வெளியிலிருந்து யாரையோ கொண்டுவந்தார்கள். அக்கா பழைய அறையில் தனியாக உட்கார்ந்து பழைய வேலையைப் பார்த்தாள். கொக்கு வேலை விஷயமாக எழுதுவார், அவளும் எழுதுவாள், வாய்ப்பேச்சு இல்லை. வீட்டுக்கு வருவதும் நின்றது. அவருடைய தொப்பிப் பல் என்ன கதியில் இருக்கிறதோ என்று அத்தான் அவ்வப்போது கவலைப்படுவார். இப்படியே பதினாலு மாதம் போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, என் வாசல் வழியாகக் கொக்கு உள்ளே வந்தார். கூட அவர் மனைவி. இரண்டு என்று அழுத்தினேன். மனைவி ரோஜாப் பாத்தி பக்கம் நடந்தார். அவர் மட்டும் என் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, பழக்க தோஷத்தில் ஒரு காலைச் சுவரில் ஊன்றினார்.

"நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன்.

"இருக்கேன். உங்க அக்கா எழுதின திருத்தக் குறிப்பை நீங்க படிச்சிருக்கீங்களா?"

நான் எங்கே படித்தேன். அவர் விளக்கினார். கெர்னலில் ஒரு பிழையைத் திருத்தினால் கூடவே ஒரு குறிப்பு எழுதுவது அவர்கள் வழக்கமாம். எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது, அதை எழுதியவர் யார், திருத்தியவர் யார். அந்தக் குறிப்பு அழியாது, உலகத்தில் அந்தக் கெர்னலைத் தொடுகிற யாரும் எந்தக் காலத்திலும் எடுத்துப் படிக்கலாம். எத்தனையோ பேர் படிக்கிறார்கள்.

"எழுதினது யாருங்கற இடத்துல அவங்க பேரைப் போட்டாங்க. அது வழக்கம்தான், போட்டே ஆகணும். ஆனா அதுக்குக் கீழ யாரும் கேக்காத ஒரு வரி எழுதியிருக்காங்க." அவர் அதை மனப்பாடமாகவே சொன்னார். "செவ்வாய் மதியம் மூன்று மணிக்குக் கண்டுபிடித்தேன். வெள்ளி காலை பத்து மணிக்குச் சொன்னேன். இடையில் சொல்லாமல் இருந்ததற்குச் சரியான காரணம் எதுவும் இல்லை."

அக்கா எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை.

"எனக்கு அந்த மூணு நாள் இன்னும் ஆறல," என்றார் கொக்கு. "ஆறிடுச்சுனு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வரியைப் போன வாரம் வரைக்கும் நான் பார்க்கல. அவங்க எழுதினதைத் திறக்கவே கூடாதுனு வீம்பா இருந்தேன்."

"ரெண்டாவது தடவை" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். முன்பல் தொப்பி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது, அத்தானிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"உள்ளே முதல் பெஞ்சு. நாலு மணியிலேர்ந்து அங்கதான் இருக்கா" என்றேன்.

காலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே நடந்தார். என் கூண்டிலிருந்து பெஞ்சு தெரியாது, நடுவில் ஒரு வேலி இருக்கிறது. அன்றைக்கு நல்ல கூட்டம், நான் கீழ்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன்பு அவர் மனைவி மட்டும் தனியாக வந்து, "பேசிட்டு வரட்டும், நான் கிளம்பறேன்" என்று வெளியே போனார். ஒன்று குறைத்தேன்.

ஐந்தரைக்கு மேற்பார்வையாளர் ஏட்டோடு வந்தார். நான்கு எண்ணையும் வழக்கமாக அக்காதான் கூட்டுவாள். அன்றைக்கு அவள் எழுந்து வரவில்லை, நானே கூட்டினேன். வடக்கு அறுநூற்றுப் பத்து, கிழக்கு இருநூறு, மேற்கு நூற்றைம்பது. என்னுடையது மைனஸ் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். அதே எண்தான் வந்தது. ஏட்டில் இரண்டு என்று எழுதினேன்.

"ரெண்டுதானே, எங்கயாவது எண்ணுறதுல விட்டிருப்பே" என்றார் மேற்பார்வையாளர். "சைபர்னு போட்டுப் பூட்டு."

"உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்றேன். "முடிச்சுட்டு வரட்டும்."